இல்லத்திலேயே பழச்சோடா செய்வோம்

(தோட்டப்புற மாதர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேசப் புகும் பொருள் மிக எளியது. பழச்சாற்றைக் கொண்டு, நுரைபொங்கும் இனிய பானம் ஒன்றை, மதுவின் கலப்பு ஒரு துளியும் இல்லாமல், நம் வீட்டு அடுக்களையிலேயே செய்துகொள்வது எப்படி என்பதே அது. இதற்கு ஓர் உரையும் வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் ஒரு குவளைப் பானத்திற்குள் குடும்பத்தின் உடல்நலமும், கைப்பொருளும், விருந்தினரின் மனநிறைவும், சில வேளைகளில் ஓர் உயிரின் பாதுகாப்பும் அடங்கியிருக்கின்றன. அதனாலேயே இதனைச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

தீபாவளி, பொங்கல், பிறந்தநாள், திருமணம் என்று எந்த நல்ல நாள் வந்தாலும் நம் வீடுகளில் முதலில் வாங்கப்படுவது பெரிய பெரிய புட்டிகளில் வரும் கலர் பானங்களே. தைப்பூசத்தின்போது அமைக்கப்படும் தண்ணீர்ப் பந்தல்களிலும் இவையே வழங்கப்படுவதைப் பார்க்கிறோம். இன்னும் தோட்ட வீடுகளில் வாழ்வோரும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோரும் இவ்வழக்கத்தில் ஒன்றாகவே இருக்கிறோம். வெயிலில் உழைத்து வந்தவர்களுக்குக் குளிர்ந்த, நாவைச் சுருக்கென்று தைக்கும் பானத்தின் மேல் ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசையைக் குறைகூற நாம் வரவில்லை. அதனை நலமான வழியில் நிறைவேற்றிக்கொள்ளும் முறையைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

நுரை எங்கிருந்து வருகிறது?

பானத்தில் குமிழியிட்டுப் பொங்குவது கரியமில வாயு. நாம் மூச்சாக வெளியே விடுவதும் அதே வாயுதான். நீரில் இவ்வாயு கரைந்திருக்கும்போது மெல்லிய புளிப்பும், நாவைத் தைக்கும் சுவையும் உண்டாகின்றன.

இதனை மனிதன் செயற்கையாக நீரில் ஏற்றக் கற்ற கதை சுவையானது. 1767ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் சமய போதகர் வாழ்ந்தார். அவருடைய வீட்டுக்கு அருகில் ஒரு பீர் ஆலை இருந்தது. அங்கே புளித்துக்கொண்டிருந்த தொட்டிகளின் மேல் ஒரு வகை வாயு தேங்கி நிற்பதை அவர் கவனித்தார். அவ்வாயுவின் நடுவே நீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றியபோது, நீர் புதுச்சுவை பெற்றது. பின்னர் ஆலையின் துணையின்றியே சுண்ணக்கட்டியையும் அமிலத்தையும் கொண்டு அவ்வாயுவை உண்டாக்கும் முறையை 1772ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். மது ஆலையில் பிறந்த வாயு, மதுவே இல்லாத பானத்திற்கு வழிகாட்டியது என்பது எண்ணி மகிழத்தக்கது. 1783இல் ஜெனீவா நகரில் ஜேக்கப் ஷ்வெப் என்பவர் இதனை ஒரு தொழிலாக்கினார். நமது வட்டாரத்தில், 1883ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஜான் பிரேசர், டேவிட் நீவ் என்னும் இருவர் சோடா நீர்த் தொழிற்சாலையைத் தொடங்கினர். கழுத்தில் கண்ணாடிக் கோலி அடைத்த சோடாப் புட்டியை நம் முதியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். அது 1870களில் ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர் வடிவமைத்ததாகும்.

இனிப்பின் கணக்கு

நாவைத் தைக்கும் சுவை வாயுவினால் வருவது. வாயுவினால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. கெடுதல் வருவது அதனுடன் கலக்கும் சீனியினால்.

நமது நாட்டில் 2023ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவு, அதாவது நாம் இனிப்பு நீர் என்று வழங்கும் நோய் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். நாட்டின் பெரிய இனங்களை ஒப்பிடும்போது இந்தியரிடையேதான் இந்நோய் மிகுந்திருக்கிறது என்பது நமக்கு வேதனை தரும் செய்தி. இந்நோயால் கால் விரலை இழந்தவர், கண் பார்வை மங்கியவர், வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவர் என்று நம் சுற்றத்தில் ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது.

நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் சேர்க்கப்பட்ட சீனியை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. 25 கிராம் என்பது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. பழத்தைப் பிழிந்து எடுக்கும் சாற்றில் உள்ள இனிப்பையும் இக்கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நமது அரசாங்கம் 2019 ஜூலை முதல் நாளன்று இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு அவ்வரி பொருந்தும். 2024இலும் 2025இலும் அது உயர்த்தப்பட்டது. வரி வந்த பின்னர்ப் பல நிறுவனங்கள் தங்கள் பானங்களில் சீனியைக் குறைத்தன. இது நல்ல மாற்றமே. எனினும் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் என்று அச்சிட்ட பானத்தில், 320 மில்லிலிட்டர் டின் ஒன்றைக் குடித்தால் 16 கிராம் சீனி உட்செல்கிறது. அதாவது நான்கு தேக்கரண்டி. ஒன்றரை லிட்டர் புட்டி ஒன்றில் 75 கிராம் அடங்கும். புட்டியின் முதுகில் இருக்கும் அட்டவணையைப் படித்து, நூற்றுக்கு இவ்வளவு என்றால் புட்டிக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கும் பயிற்சியைப் பள்ளி செல்லும் நம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அது அவர்களுக்குக் கணக்குப் பாடமும் ஆகும், உடல்நலப் பாடமும் ஆகும்.

வீட்டில் செய்யும் பானத்தின் முதற்பயன் இதுவே. சீனிக் கரண்டி நம் கையில் இருக்கிறது.

முதல் முறை: பழப்பாகும் சோடா நீரும்

எல்லா முறைகளிலும் எளியதும் பாதுகாப்பானதும் இதுவே. பழப்பாகை வீட்டில் காய்ச்சிக்கொள்கிறோம். இனிப்பு எதுவும் சேர்க்காத வெறும் சோடா நீரைக் கடையில் வாங்கிக்கொள்கிறோம். பரிமாறும்போது இரண்டையும் கலக்கிறோம்.

நம் நாட்டில் எக்காலமும் மலிவாகக் கிடைக்கும் அன்னாசியை எடுத்துக்கொள்வோம். தேவையானவை: தோலும் கண்ணும் நீக்கிய பழுத்த அன்னாசி 1 கிலோ, நீர் 250 மில்லிலிட்டர், சீனி 100 கிராம், கட்டைவிரல் அளவு இஞ்சி ஒரு துண்டு, எலுமிச்சைச் சாறு மூன்று மேசைக்கரண்டி.

அன்னாசியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நசுக்கிய இஞ்சியுடனும் நீருடனும் சேர்த்து மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் வேகவைக்க வேண்டும். துண்டுகளைக் கரண்டியால் மசித்து, முதலில் வடிகட்டியிலும், பிறகு சுத்தமான மெல்லிய துணியிலும் வடித்தெடுக்க வேண்டும். இரண்டு முறை வடிப்பதற்குக் காரணம் உண்டு. பழச்சக்கை மிஞ்சியிருந்தால் சோடா நீரை ஊற்றியவுடன் அச்சக்கையைப் பற்றிக்கொண்டு வாயு முழுவதும் குமிழியாக வெளியேறிவிடும். நுரை ஒரே பொங்காய்ப் பொங்கி வழிந்து, குவளையில் சுவையற்ற நீரே எஞ்சும்.

வடித்த சாற்றில் சீனியைச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி, எலுமிச்சைச் சாற்றைக் கலக்க வேண்டும். ஏறக்குறைய 800 மில்லிலிட்டர் பாகு கிடைக்கும். கொதிநீரில் போட்டு எடுத்த கண்ணாடிப் புட்டிகளில் சூட்டுடன் ஊற்றி மூடி, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். கடைப் பாகைப்போல் இதில் சீனி மிகுதியாக இல்லை. ஆகவே நெடுநாள் தாங்காது. ஐந்து நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

பரிமாறும் குவளை 200 மில்லிலிட்டர் என்று கொள்வோம். அதில் 40 மில்லிலிட்டர் பாகும் 160 மில்லிலிட்டர் சோடா நீரும், அதாவது ஒன்றுக்கு நான்கு பங்கு, கலக்க வேண்டும். ஒரு கிலோ அன்னாசியில் இருபது குவளை பானம் ஆகிறது. நாம் சேர்த்த சீனியையும் பழத்தின் இயற்கை இனிப்பையும் கூட்டிப் பார்த்தால் குவளைக்கு ஏறத்தாழ 8 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி வரும். இன்னும் குறைக்க விரும்புவோர் பாகைக் குறைத்துக்கொள்ளலாம். பழம் நன்கு கனிந்திருந்தால் சீனியே வேண்டாம்.

கலக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கரியமில வாயு குளிர்ந்த நீரில்தான் நன்றாகத் தங்கும். சாதாரண அழுத்தத்தில் உறையும் நிலையிலுள்ள ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 1.7 லிட்டர் வாயுவைத் தன்னுள் அடக்கும். நம் ஊர்ப் பகல் வெப்பமான 30 பாகையில் அதே நீர் முக்கால் லிட்டர் வாயுவைக்கூட அடக்காது. ஆதலின் பாகு, சோடா நீர், குவளை ஆகிய மூன்றும் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் பாகை ஊற்றி, குவளையைச் சாய்த்துப் பிடித்து, சோடா நீரைப் பக்கச்சுவர் வழியாக மெதுவாக இறக்கி, நீண்ட கரண்டியால் ஒரே ஒரு முறை அடியிலிருந்து மேலே தூக்கிவிட்டால் போதும். போட்டு அடித்துக் கலக்குதல் கூடாது.

இதே முறையில் வேறு பழங்களையும் பயன்படுத்தலாம். தர்பூசணிச் சதை அரைக்கிலோவை மசித்து வடித்தால் ஏறக்குறைய 400 மில்லிலிட்டர் சாறு வரும். அதனுடன் சில புதினா இலைகளும் ஒரு எலுமிச்சையின் சாறும் சேர்த்து, 600 மில்லிலிட்டர் சோடா நீரைக் கலந்தால், சீனியே இல்லாத நல்ல பானம் ஆகும். காய்ச்சாத சாறாகையால் அன்றே குடித்துவிட வேண்டும். வீட்டு வாசலில் காய்க்கும் கஸ்தூரி எலுமிச்சையில் பத்துப் பழம் பிழிந்து, 30 கிராம் சீனியைச் சிறிது வெந்நீரில் கரைத்துச் சேர்த்து, ஒரு லிட்டர் சோடா நீருடன் கலக்கலாம். விதையை நசுக்காமல் பிழிய வேண்டும். நசுங்கினால் பானம் கசக்கும். கொய்யா, மாம்பழம் போன்ற சதைப்பற்றுள்ள பழங்களை அன்னாசியைப்போலவே வேகவைத்து, நன்றாக வடித்தெடுத்துப் பயன்படுத்தலாம்.

சோடா நீர் இயந்திரம் வைத்திருப்போரும் இக்காலத்தில் உளர். அத்தகையோர் வெறும் குளிர்நீரில் மட்டும் வாயுவை ஏற்றி, பாகைப் பின்னர்க் கலக்க வேண்டும். பழச்சாற்றை இயந்திரத்தில் வைத்து வாயு ஏற்றினால் நுரை பீறிட்டு இயந்திரம் கெடும்.

இரண்டாம் முறை: ஆப்ப சோடாவும் எலுமிச்சையும்

சோடா நீர் கிடைக்காத இடத்தில் அடுக்களைப் பொருளைக் கொண்டே வாயுவை உண்டாக்கலாம். ஆப்ப சோடா எலுமிச்சையின் புளிப்போடு சேரும்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. பிரீஸ்ட்லி சுண்ணக்கட்டியைக் கொண்டு செய்ததும் ஏறத்தாழ இதுவே.

ஒரு பெரிய குவளையில் 200 மில்லிலிட்டர் குளிர்நீர், இரண்டு மேசைக்கரண்டி பாகு, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை முதலில் கலந்து வைக்க வேண்டும். கடைசியில் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவைத் தூவி, ஒரு சுற்றுச் சுற்றி, பொங்கும்போதே குடிக்க வேண்டும். இந்த அளவு சோடா ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி சாற்றின் புளிப்பை ஈர்த்துக்கொள்ளும். எஞ்சும் மற்றொரு கரண்டியே பானத்திற்குச் சுவை தருவது. எலுமிச்சையைக் குறைத்துச் சோடாவைக் கூட்டினால் பானம் சவர்க்காரச் சுவையாகிவிடும்.

இம்முறையில் உண்டாகும் நுரை சில நிமிடங்களே நிற்கும். பிள்ளைகளுக்கு இது ஒரு வேடிக்கையாகவும் அறிவியல் பாடமாகவும் அமையும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவில் ஏறக்குறைய 330 மில்லிகிராம் சோடியம் உண்டு. ஒருவர் நாளொன்றுக்குக் கொள்ளத்தக்க 2 கிராம் அளவில் இது ஆறில் ஒரு பங்கு. ஆகவே இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய் உடையவர்கள் இம்முறையைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் எப்போதேனும் ஒரு குவளையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் சோடா நீரிலும் சில வகைகளில் சோடியம் சேர்க்கப்படுகிறது. அட்டவணையைப் பார்த்து வாங்குவது நலம்.

இரண்டாவது, இக்கலவையை ஒருபோதும் புட்டியில் ஊற்றி மூடக் கூடாது. வெளியேற வழியில்லாத வாயு புட்டியை உடைத்துவிடும். கண்ணாடிச் சில்லு கண்ணில் பாய்ந்தால் பார்வை போய்விடும். திறந்த குவளையில் மட்டுமே செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள்.

ஈஸ்ட் முறை வேண்டாம் என்பது ஏன்?

மூன்றாவதாக ஒரு முறையைச் சிலர் சொல்வதுண்டு. சீனி கலந்த பழச்சாற்றில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்டைச் சிறிது தூவியோ, அன்னாசித் தோலையோ இஞ்சியையோ சீனி நீரில் ஊறவைத்தோ, இரண்டு நாள் மூடி வைத்தால் தானே நுரைக்கும் என்பர். நுரைக்கும் என்பது உண்மை. ஆனால் அதனை மதுவில்லாத பானம் என்று சொல்வது உண்மையாகாது.

ஈஸ்ட் சீனியை உண்ணும்போது இரண்டு பொருள்களை வெளிவிடுகிறது. ஒன்று கரியமில வாயு, மற்றொன்று மதுச்சாரம். எடைக் கணக்கில் அவை ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. எவ்வளவு வாயு உண்டாகிறதோ அவ்வளவு மதுச்சாரமும் உடன் உண்டாகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பெற முடியாது. நன்றாக நுரைக்கும் கடைப் பானத்தில் லிட்டருக்கு 7 அல்லது 8 கிராம் வாயு இருக்கும். அதே நுரையை ஈஸ்டினால் பெற்றால் லிட்டருக்கு 7 அல்லது 8 கிராம் மதுச்சாரமும் சேர்ந்துவிடும். அது நூற்றுக்கு ஒரு பங்கை நெருங்கும். நம் நாட்டு வெப்பத்தில் இன்னும் ஓரிரு நாள் வெளியே இருந்துவிட்டால் அளவு மேலும் ஏறும். தென்னம்பாளையில் வடியும் இனிப்பான பதநீர் கள்ளாக மாறுவதும் இந்தச் செயலினாலேதான்.

கள் என்ற சொல்லை இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. அது நம் தோட்ட வாழ்க்கையில் விளைத்த துயரம் சிறிதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தோட்டங்களிலேயே கள்ளுக்கடைகள் இருந்தன. உழைத்த கூலியின் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. ஊதிய உயர்வோடு சேர்த்து அதனையும் கேட்ட அந்தத் தொழிலாளர்கள், குடி தங்கள் குடும்பங்களை எந்நிலைக்குக் கொண்டுசென்றது என்பதை நன்கு அறிந்தவர்கள். பின்னாளில் சம்சு என்னும் மலிவு மதுவும் நம் குடும்பங்கள் பலவற்றைச் சிதைத்தது.

அப்பழக்கத்தை அரும்பாடுபட்டு விட்டொழித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அத்தகைய ஒருவருக்கு விருந்து நாளில் நாம் நீட்டும் குவளை, முற்றிலும் மதுவற்றதாக இருக்க வேண்டும். சிறிதளவுதானே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் பல ஆண்டு மன உறுதியை அசைப்பதற்கு அந்தச் சுவையும் மணமுமே போதுமானவை. நண்பர்கள் கையில் நுரை பொங்கும் குவளையைப் பிடித்திருக்க, தாம் மட்டும் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தினால் மீண்டும் குடிக்குத் திரும்பியோரும் உண்டு. அவரும் மற்றவர்களோடு சமமாக நின்று, நுரைபொங்கும் குவளையை உயர்த்தி மகிழ ஒரு வழி செய்வது நம் கடமை அன்றோ?

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். தீபாவளித் திறந்த இல்ல விருந்திற்கு நம் மலாய் அண்டை வீட்டாரும், பிள்ளைகளின் பள்ளித் தோழர்களும் வருகிறார்கள். நம்பிக்கையோடு நம் வீட்டில் வாய் நனைக்கிறார்கள். எதில் செய்தது என்று அவர்கள் கேட்டால், பழமும் சீனியும் சோடா நீரும் என்று தயங்காமல் நாம் சொல்ல வேண்டும். பழச்சாறு காய்ச்சியது, புளிக்கவைத்ததன்று என்று ஒரு சீட்டில் எழுதிப் பானையின் அருகே வைத்துவிட்டால் கேட்கவும் வேண்டியதில்லை. ஒருவர் நம்பிக்கைக்கு மற்றவர் அளிக்கும் மதிப்பே நாட்டு ஒற்றுமையின் வேர்.

ஆகவே ஈஸ்ட் முறையை விலக்குவோம். நாம் காய்ச்சிய பாகிலும், நாள் கடந்தபின் தானாகக் குமிழி தோன்றினாலோ, மூடியைத் திறக்கையில் வாயு சீறினாலோ, புளித்த மணம் வீசினாலோ, அது புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சுவை பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

உயிர் காக்கும் சில எச்சரிக்கைகள்

நட்சத்திரப் பழம் நம் நாட்டில் நன்கு விளையும் பழம். அதன் சாறும் சோடா நீரோடு சுவையாக இருக்கும். ஆனால் சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு அப்பழம் நஞ்சாகும். அதிலுள்ள ஒரு பொருளை நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் அது முடியாது. அப்பொருள் மூளையைத் தாக்கி, நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும். உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. நீண்டகால நீரிழிவு சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பதையும், தமக்கு அவ்வாறு ஆகியிருப்பதைப் பலர் அறியாமலே இருப்பர் என்பதையும் சேர்த்து எண்ணினால், பொது விருந்துக்கு நட்சத்திரப் பழச்சாற்றை வைக்காதிருப்பதே அறிவுடைமை. அவ்வாறு விக்கல் தொடர்ந்தால், பழம் உண்டதைச் சொல்லி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அடுத்தது புட்டிகளைப் பற்றியது. தோட்டங்களில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் புழங்குகின்றன. பால் உறையவைக்கும் அமிலமும் சில இடங்களில் உண்டு. இவற்றைக் குளிர்பானப் புட்டிகளில் மாற்றி ஊற்றி வீட்டு மூலையில் வைக்கும் வழக்கம் பெருந்தீங்கு. நிறத்தைக் கண்டு பானம் என்று எண்ணிக் குழந்தை குடித்துவிட்டால் காப்பாற்றுவது அரிது. கொடிய நஞ்சான பராகுவாட் களைக்கொல்லி 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. எனினும் மற்ற மருந்துகளும் நஞ்சே என்பதை மறத்தலாகாது. மருந்தை அதன் சொந்தக் கலத்திலேயே, பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும். மருந்து இருந்த கலத்தை எத்தனை முறை கழுவினாலும் பானத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. நாம் காய்ச்சிய பாகுப் புட்டியின் மேல், பெயரும் காய்ச்சிய நாளும் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் பெயர் ஒட்டாத புட்டி எதையும் குடிக்கக் கூடாது என்ற கட்டளையைக் குழந்தைகளுக்கு இளமையிலேயே பழக்குங்கள்.

இறுதியாக ஒன்று. பானம் எவ்வளவு நல்லதாயினும் தாகத்திற்குச் சிறந்தது கொதித்து ஆறிய நீரே. பழச்சோடாவும் புளிப்புடையது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பருகிக்கொண்டிருந்தால் பல்லின் மேற்பூச்சு தேயும். உணவோடு சேர்த்துக் குடித்து, பின்னர் வெறும் நீரால் வாயைக் கொப்பளித்துவிட வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்கள் பாகு சேர்க்காமல், எலுமிச்சையும் புதினாவும் நசுக்கிய இஞ்சியும் சோடா நீரில் கலந்து குடிக்கலாம். விருந்தில் அவர்களுக்கென்று தனிக் கூசாவில் அதனை ஆயத்தமாக வைத்திருப்பது, நம் அன்பைக் காட்டும் நல்ல வழியாகும்.

அன்பர்களே! நாம் இதுவரை கூறியவற்றைச் சுருக்கிச் சொல்வோம். பழத்தைக் காய்ச்சுங்கள், இருமுறை வடியுங்கள், குளிரவையுங்கள், குடிக்கும் நேரத்தில் சோடா நீரைக் கலந்து பரிமாறுங்கள். சீனியை அளந்து போடுங்கள். ஈஸ்டைத் தொடாதீர்கள். புட்டிக்குப் பெயர் ஒட்டுங்கள். அடுத்த விருந்துக்குப் பெரிய புட்டிகள் வாங்க ஒதுக்கியிருக்கும் தொகையை ஒரு தாளில் எழுதி, அதன் அருகே அன்னாசி, சீனி, சோடா நீர் ஆகியவற்றின் விலையையும் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். மாதர் வகுப்புகளில் கூடிச் செய்து, எந்தப் பழம் நன்றாக அமைந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லுங்கள்.

நம் வீட்டிற்கு வரும் ஒவ்வொருவரும், குடியை விட்டவரும், இனிப்பு நீரால் வருந்துபவரும், வேறு சமயத்தைச் சார்ந்தவரும், பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் ஒரே மேசையில் அமர்ந்து அச்சமின்றி அருந்தக்கூடிய ஒரு குவளையை நம் கைகளாலேயே ஆக்கித் தருவோமாக!